கலாநிதிப் பட்டத்துக்குப் பின் என்ன? நாம் மாற்ற வேண்டிய ஒரு கேள்வி

புலம்பெயர்ந்த எமது சமூகத்தில் மருத்துவர், பொறியியலாளர் என்ற இரு கனவுகளோடு இப்போது கலாநிதிப் பட்டமும் சேர்ந்துள்ளது. பிரித்தானியாவில் பிள்ளை ஆய்வை முடித்தால் உறவினர் முதலில் கேட்பது, "எந்த யூனிவர்சிற்றியில லெக்சரர்?" என்பதுதான். பெரும்பாலான பிள்ளைகளிடம் இதற்குப் பதில் இருக்காது. அது அவர்களின் குறையல்ல.

ரோயல் சொசைட்டி 2010இல் வெளியிட்ட அறிக்கையின்படி, விஞ்ஞானத் துறைகளில் கலாநிதிப் பட்டம் பெறுவோரில் 53 வீதமானோர் பட்டம் முடிந்ததுமே விஞ்ஞானத்துக்கு வெளியே வேலைக்குச் செல்கின்றனர். பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆய்வுப் பணியில் அமர்வோர் 3.5 வீதம். பேராசிரியராவோர் 0.45 வீதம், அதாவது ஏறத்தாழ 220 பேரில் ஒருவர்.

அதன்பின் நிலைமை மேலும் இறுகியுள்ளது. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரின் ஆண்டுக் கட்டணம் 2017 முதல் 9,250 பவுணிலேயே நின்றது. 2025இல்தான் 9,535 ஆனது. இடையில் விலைவாசி ஏறியது, வெளிநாட்டு மாணவர் வருகை குறைந்தது. 2025 ஜனவரியில் கார்டிஃப் பல்கலைக்கழகம் 400 பணியிடங்களைக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. ஜெர்மனியில் வேறு சிக்கல்: பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டுகள், பின் ஆறு ஆண்டுகள் என்று தற்காலிக ஒப்பந்தங்களுக்குச் சட்டமே எல்லை வகுத்துள்ளது. அதற்குள் நிரந்தரப் பணி கிடைக்காத பலர் வெளியேற நேர்கிறது.

பெற்றோரின் கவலை எமக்குப் புரியாததல்ல. ஊரில் ஆசிரியராக, கணக்காளராக இருந்தவர்கள் இங்கு வந்து பெற்றோல் நிலையங்களிலும் உணவகச் சமையலறைகளிலும் நின்றார்கள். படிப்புக்கேற்ற வேலை இல்லாமற்போவது எங்கள் வீடுகளில் ஆறாத காயம். பிள்ளை பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே போகிறது என்றதும் அந்தக் காயமே நினைவுக்கு வருகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அன்று எம்மவரின் படிப்பை இந்த நாடுகள் மதிக்கவில்லை. இன்று இப்பிள்ளைகளின் திறனுக்கு வெளியே கேள்வி இருக்கிறது.

மருந்து நிறுவனங்கள், மருத்துவமனை ஆய்வுகூடங்கள், அரச புள்ளிவிபரப் பிரிவுகள், காப்புரிமைச் சட்ட நிறுவனங்கள், விஞ்ஞானப் பதிப்பகங்கள், மனித உரிமை அமைப்புகள் என்று அந்த வழிகள் பல. அங்கெல்லாம் ஆய்வுத் தலைப்பை விட, அதைச் செய்த விதமே பார்க்கப்படுகிறது. நான்கு ஆண்டுகள் ஒரு திட்டத்தைத் தனியே நடத்தியது, குழம்பிய தரவுகளிலிருந்து முடிவு கண்டது, கடினமான விடயத்தை எளிதாக எழுதியது, இளநிலை மாணவருக்குக் கற்பித்தது: இவை எத்துறைக்கும் கொண்டுபோகக்கூடியவை. ஈழப் போரின் வாய்மொழி வரலாற்றை ஆய்வு செய்த ஒருவருக்கு நேர்காணல், ஆவணப்படுத்தல், இருமொழிப் பெயர்ப்பு, சாட்சிகளின் பாதுகாப்பு ஆகியவற்றில் பயிற்சி உண்டு. ஆனால் விண்ணப்பத்தில் இவற்றை வெளிப்படையாக எழுதாவிட்டால், வேலை தருபவர் தாமாக ஊகித்துக்கொள்ள மாட்டார்.

இந்த ஆயத்தம் கடைசி ஆண்டில் தொடங்கினால் தாமதம். 2025-26இல் அரச ஆய்வு உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவு ஆண்டுக்கு 20,780 பவுண். லண்டன் வாடகையில் இதில் மிச்சம் பிடிப்பது கடினம். பட்டம் முடிந்தபின் மாதக்கணக்கில் வேலை தேட வசதியிராது. அரச நிதியில் ஆய்வு செய்வோருக்கு நாடாளுமன்றத்திலும் அரச திணைக்களங்களிலும் மூன்று மாதக் கொள்கைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடியும். இரண்டாம் ஆண்டிலேயே அதை விசாரிக்கலாம். மாணவர் விசாவில் வந்து கலாநிதிப் பட்டம் முடிப்பவர்கள், அதன்பின் மூன்று ஆண்டுகள் தங்கி வேலை செய்யும் பட்டதாரி விசாவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எமது பழைய மாணவர் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் பரிசளிப்பு விழா மேடைக்கு மருத்துவரையே அழைக்கின்றன. ஆய்வை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே பணியாற்றும் எம்மவர்களையும் அழைத்து, எப்படி அங்கு சென்றார்கள் என்று பேசச் செய்யலாம். வீட்டில் நாமும் "எந்த யூனிவர்சிற்றியில?" என்பதை விட்டு, "இதுவரை என்னென்ன செய்யப் பழகினாய்?" என்று கேட்டுப் பார்ப்போம். பிள்ளை சொல்லத் தயங்கிய திட்டங்கள் அப்போதாவது வெளியே வரும்.