முதல் ஆறு மாதங்கள்

1957 மே மாதம் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த ஒரு கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். ‘ஆசியக் காய்ச்சல்’ என்று பெயர் பெற்ற எச்2என்2 இன்ஃப்ளூயன்சா அந்த வழியாகத்தான் இந்தியாவுக்குள் நுழைந்தது. கப்பலும் கரி ரயிலும் ஓடிய அந்தக் காலத்திலேயே நாடு முழுவதையும் எட்ட அதற்குப் பன்னிரண்டு வாரம் போதுமானதாக இருந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் அரசுக் கணக்கில் ஏறிய நோயாளிகள் 44 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். வீட்டில் கஞ்சி குடித்துக் கிடந்து எழுந்தவர்களும், எழாமலே போனவர்களும் அந்தக் கணக்கில் ஏறியிருக்க வாய்ப்பில்லை.

இந்தப் பன்னிரண்டு வாரத்தை இன்னொரு கால அளவோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிய இன்ஃப்ளூயன்சா வைரஸ் ஒன்றை அடையாளம் கண்ட நாளிலிருந்து, கோழிமுட்டையில் வளர்த்துத் தயாரிக்கும் தடுப்பூசியின் முதல் தொகுதி வெளிவர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். 2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் புதிய எச்1என்1 தெரியவந்தது. மே 16-இல் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் நோயாளி. ஆகஸ்ட் தொடக்கத்தில் புனேயில் முதல் மரணம். நம் நாட்டில் தயாரான தடுப்பூசிகள் சந்தைக்கு வந்ததோ 2010-ஆம் ஆண்டின் நடுவில். அந்த ஆண்டு ஆகஸ்ட் 10-இல், பெருந்தொற்று முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது.

எம்ஆர்என்ஏ போன்ற புதிய முறைகள் இந்த இடைவெளியைச் சுருக்கலாம். ஆனாலும் வைரஸ் விமானத்தில் வரும். ஊசி பின்னால்தான் வரும். நடுவில் கிடக்கும் அந்த ஆறு மாதத்தில் மக்கள் முதலில் வந்து நிற்கப்போவது தெருமுனைக் கிளினிக்கில், அதாவது நம்மிடம். அன்று நம் கிளினிக் எப்படி இயங்கும் என்பதற்கு இன்று அது எப்படி இயங்குகிறது என்பதே பதில். காய்ச்சல்காரர்கள் வாசலில் வரிசை கட்டிய பிறகு புதிய பழக்கம் கற்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால்தான் ஆண்டுதோறும் வரும் சாதாரண ஃப்ளூவை ஒழுங்காகக் கையாள்வதே பெருந்தொற்றுக்கான ஆயத்தம் என்று இந்த ஆசிரியர் உரை வாதிடுகிறது.

அடுத்த பெருந்தொற்று பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1-ஆகத்தான் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2009-இல் எல்லோரும் கிழக்காசியக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வைரஸ் மெக்சிகோவின் பன்றிகளிடமிருந்து வந்தது. ஆனால் எச்5என்1 நடந்து வந்திருக்கும் தூரத்தை அலட்சியப்படுத்த முடியாது. 1997-இல் ஹாங்காங்கில் 18 பேரைத் தாக்கி 6 பேரைக் கொன்ற அது, 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே பால் பண்ணைகளிலும் கோழிப் பண்ணைகளிலும் வேலை செய்தவர்களுக்குத் தொற்றியபோது பெரும்பாலும் கண் சிவந்ததோடு நின்றது. 2025 ஜனவரியில் லூசியானாவில் ஒருவர் இறந்தார். இந்தியாவில் 2021-இல் ஹரியானாச் சிறுவன் ஒருவன் டெல்லியில் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. கேரளத்தின் ஆலப்புழையில் வாத்துகளைக் கொத்துக்கொத்தாக அழிப்பது அடிக்கடி வரும் செய்தியாகிவிட்டது. நாமக்கல்லின் கோழிப் பண்ணைகளும், அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்களின் கூட்டமும் நம் நோயாளிகளின் உலகம். ஆகவே கடுமையான காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும், அல்லது காய்ச்சலோடு கண் சிவந்தும் வருபவரிடம் ‘என்ன வேலை செய்யறீங்க? வீட்ல, பக்கத்துல கோழி, வாத்து ஏதும் செத்துச்சா?’ என்று கேட்க வேண்டும். அரை நிமிடக் கேள்வி. அதைக் கேட்காமல் விட்டால் பிறகு எந்த ஆய்வுக்கூடத்தாலும் ஈடுகட்ட முடியாது.

நம்மில் பலருக்கும் பெருந்தொற்று என்றால் கொரோனாதான் நினைவுக்கு வருகிறது. அந்த அனுபவம் பெரிய சொத்து. இந்திய மருத்துவச் சங்கத்தின் கணக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பலி கொடுத்துப் பெற்ற சொத்து. ஆனால் அதை அப்படியே இன்ஃப்ளூயன்சாவுக்குப் பொருத்தினால் தவறிவிடுவோம். முதல் வேறுபாடு வேகம். இன்ஃப்ளூயன்சா உடலில் புகுந்து ஒன்று முதல் நான்கு நாளில் வெளிப்படும். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தாவ ஏறக்குறைய மூன்று நாள் போதும். தொடர்பாளர்களைத் தேடிப்பிடிப்பதற்குள் அவர்களே அடுத்தவர்களுக்குக் கொடுத்து முடித்திருப்பார்கள். இரண்டாவது, குழந்தைகள். கொரோனாவின் தொடக்கத்தில் அவர்கள் ஓரளவு ஒதுங்கியிருந்தார்கள். ஃப்ளூவில் பரப்புவதில் முன்வரிசை அவர்களுடையது, பெரியவர்களைவிட நீண்ட நாள் வைரஸை வெளியிடவும் செய்கிறார்கள். மூன்றாவது, வயது. 1918-இல் 20 முதல் 40 வயதுக்காரர்கள் அசாதாரணமாக அதிகம் இறந்தார்கள். முதியவர்களை மட்டும் பாதுகாத்தால் போதும் என்ற எண்ணம் அங்கே எடுபடாது. கர்ப்பிணிகளுக்கு ஆபத்து அதிகம் என்பதை 2009 மறுபடி காட்டியது.

நான்காவது வேறுபாடு நம் ஊசி அறையைத் தொடுகிறது. ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளை டெக்சாமெத்தசோன் காப்பாற்றியது. 2020-இல் வந்த ரெக்கவரி ஆய்வு அதை நிலைநாட்டியது. கடுமையான இன்ஃப்ளூயன்சாவில் ஸ்டீராய்டு கொடுத்தவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்ததாகவே இதுவரையிலான கண்காணிப்பு ஆய்வுகள் பெரும்பாலும் காட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் ஸ்டீராய்டுக்கு எதிராகத்தான் இருக்கிறது. ‘ஒரு ஊசி போட்டா உடனே இறங்கிடும்’ என்று கேட்டு வருபவருக்கு டெக்சா போட்டு அனுப்பும் வழக்கம் எத்தனை கிளினிக்குகளில் இருக்கிறது என்பது நமக்கே தெரியும். சாதாரண நாளில் அது கெட்ட பழக்கம். பெருந்தொற்று நாளில் அது உயிரைப் பறிக்கும்.

இனி கிளினிக்குக்குள் வருவோம். பெரும்பாலான காத்திருப்பறைகளில் சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தை, இருமிக்கொண்டிருக்கும் காய்ச்சல்காரர் எல்லோரும் ஒரே பெஞ்சில் ஒரு மணி நேரம் டோக்கனுக்குக் காத்திருக்கிறார்கள். மேலே ஸ்ப்ளிட் ஏசி ஓடுகிறது. அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பி விடுகிறது. எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைத் திறந்து ஒரு எக்சாஸ்ட் ஃபேன் பொருத்துவதற்கு ஆகும் செலவு, அந்த ஏசியின் ஒரு மாத மின்கட்டணத்தை ஒட்டித்தான் வரும். ஜன்னலே இல்லாத அறையென்றால் காய்ச்சல்காரர்களை வாசல் தாழ்வாரத்தில் உட்கார வைக்கலாம். டோக்கன் கொடுப்பவர் ‘காய்ச்சல், இருமல் இருக்கா?’ என்று கேட்டு, இருப்பவருக்கு ஒரு மாஸ்க்கை நீட்டித் தனி வரிசையில் உட்கார வைப்பதுதான் நோய்ப் பிரிப்பின் முதல் படி. ஊசி அறையின் மூலையில் வைத்து நெபுலைசர் போடுவதை நிறுத்த வேண்டும். முடிந்தவரை இன்ஹேலரும் ஸ்பேசரும் போதும். நெபுலைசர் கட்டாயம் என்றால் காற்றோட்டமான தனி இடத்தில். அதற்கு உள்ளே போகும் நர்ஸ் என்95 அணிந்திருக்க வேண்டும். மூக்கின் மேல் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாமல் அணியப் பழகியிருக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் என்95 யாரையும் காப்பாற்றாது.

அடுத்து நாமும் நம்மோடு வேலை செய்பவர்களும். பருவகால ஃப்ளூ தடுப்பூசி புதிய பெருந்தொற்று வைரஸைத் தடுக்காது. இதை மறைக்க வேண்டியதில்லை. சுற்றில் இருக்கும் வைரஸோடு பொருந்தும் ஆண்டுகளிலேயே அதன் பயன் 40 முதல் 60 சதவீதம்தான். பிறகு எதற்கு? ஒன்று, நம்மால் நோயாளிகளுக்குத் தொற்று போவது குறைகிறது. இரண்டு, ஒருவர் உடலில் பருவகால வைரஸும் பறவை வைரஸும் ஒன்றாகச் சேர்ந்து மரபணுக்களை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு குறைகிறது. பண்ணைத் தொழிலாளர்களுக்கு ஊசி பரிந்துரைப்பதற்கும் இதுவே காரணம். மூன்று, தடுப்பூசி ஆலைகள் ஆண்டுதோறும் ஓடினால்தான் அவசரத்தில் திறன் கூட்ட முடியும். ஆண்டுதோறும் வாங்குபவர் இல்லாத ஆலை பெருந்தொற்று அன்று திடீரென்று உயிர்த்தெழாது.

எப்போது போடுவது என்பதிலும் நாம் டெல்லியைப் பார்த்து நடக்கக் கூடாது. வடக்கிலும் மேற்கிலும் பெரும்பாலான இடங்களில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம் தொடும். சென்னையிலும் வேலூரிலும் நடந்த கண்காணிப்பு, இங்கே உச்சம் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் நவம்பரை ஒட்டி வருவதைக் காட்டியது. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் வேண்டும். ஆகவே செப்டம்பருக்குள் போட்டுவிட வேண்டும். மருத்துவருக்கு மட்டும் போட்டால் போதாது. டோக்கன் கொடுக்கும் பெண், கம்பவுண்டர், தரை துடைக்கும் அம்மா, எல்லோருக்கும் முதலாளியின் செலவில். இன்னொன்றும் முதலாளியின் கையில் இருக்கிறது: காய்ச்சல் வந்த ஊழியரைச் சம்பளம் பிடிக்காமல் வீட்டுக்கு அனுப்புவது. ஒரு நாள் கூலி போய்விடும் என்று பயந்து பாராசிட்டமால் விழுங்கிவிட்டு வேலைக்கு வருபவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. காய்ச்சலோடு நோயாளி பார்ப்பதைத் தியாகம் என்று நினைக்கும் மருத்துவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

மருந்தைப் பொறுத்தவரை இரண்டு பக்கத் தவறுகளும் நம்மிடம் இருக்கின்றன. ஓசெல்டாமிவிர் ஒருகாலத்தில் ஷெட்யூல் எக்ஸில் பூட்டிக் கிடந்தது. 2017-இல் ஷெட்யூல் எச்1-க்கு மாற்றப்பட்டு மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. ஆரோக்கியமான பெரியவரிடம் அது அறிகுறிகளை ஒரு நாளுக்கும் குறைவாகத்தான் சுருக்குகிறது என்று 2014-இல் காக்ரேன் மதிப்பாய்வு சொன்னது. ஆகவே எல்லாக் காய்ச்சலுக்கும் எழுதித் தீர்க்கும் மருந்து அது ஆகாது. ஆனால் கர்ப்பிணி, கைக்குழந்தை, ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவருக்கு ஃப்ளூ என்று சந்தேகம் வந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்து முதல் 48 மணி நேரத்தைத் தொலைக்கவும் கூடாது. விரைவுப் பரிசோதனை நெகட்டிவ் என்பது ஃப்ளூ இல்லை என்பதற்குச் சான்றாகாது. மத்திய சுகாதார அமைச்சகம் 2009-இலேயே வகுத்த ஏ, பி, சி பிரிவுகள் இந்தத் தீர்மானத்துக்கு இன்றும் உதவும்: லேசான காய்ச்சலுக்கு ஓய்வும் பாராசிட்டமாலும், தீவிரக் காய்ச்சலுக்கும் ஆபத்துப் பிரிவினருக்கும் வீட்டுத் தனிமையோடு மருந்து, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், ரத்தம் கலந்த சளி, நீலம் பாரித்த நகம் இருந்தால் தாமதமின்றி மருத்துவமனை. டெங்குவும் ஃப்ளூவும் ஒரே மழையில் வரும் ஊரில் ஆஸ்பிரினை எந்தக் காய்ச்சல் குழந்தைக்கும் கொடுக்காமலிருப்பது இரட்டைப் பாதுகாப்பு.

ஆன்டிபயாட்டிக் பற்றியும் ஒரு சொல். 1918-இல் இந்தியாவில் மட்டும் ஒன்றே கால் கோடிக்குக் குறையாதவர்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. உலகெங்கும் அன்று நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவை வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாவால் நேர்ந்தவை. அடுத்த பெருந்தொற்றில் அந்த நிமோனியாவோடு போராட நமக்கு வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக்குகள் வேண்டும். முதல் நாள் மூக்கொழுகலுக்கே அசித்ரோமைசின் எழுதும் ஒவ்வொரு சீட்டும் அந்தக் கையிருப்பிலிருந்து எடுக்கும் கடன். மூன்று நான்கு நாளில் தேறி வந்தவருக்கு மறுபடி காய்ச்சல் ஏறி, சளி நிறம் மாறி, ஆக்சிஜன் அளவு இறங்கினால் அதுதான் ஆன்டிபயாட்டிக்கின் நேரம். இந்த இரண்டாம் ஏற்றத்தைப் பற்றி முதல் நாளே நோயாளியிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

அரசிடமும் நாம் கேட்க வேண்டியவை உண்டு. நாட்டிலேயே முதன்முதலில், 1939-இல், பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் நம்முடையது. அந்த மரபுக்கு ஏற்ப, தனியார் கிளினிக்கிலிருந்தும் மாதிரி எளிதாகக் கிண்டி கிங் நிலையத்துக்கோ அருகிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கோ போய்ச்சேரும் வழி வேண்டும். முடிவு நோயாளி தேறுவதற்கு முன் திரும்பி வர வேண்டும். நம் தரப்பிலும் குறை இருக்கிறது. ஒரே தெருவில், ஒரே விடுதியில், ஒரே பள்ளியில் காய்ச்சல் குவிந்தால் மாவட்ட சுகாதார அலுவலருக்குத் தெரிவிப்பதை வீண் தொல்லை என்று நினைப்பவர்களே அதிகம். ‘மர்மக் காய்ச்சல்’ என்று செய்தித்தாள் எழுதிய பிறகு அரசு விழிப்பதைக் கேலி செய்கிறோம். அந்தக் காய்ச்சலை அதற்கு முந்தைய வாரமே பார்த்தவர்கள் நாம்தான்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒவ்வொரு கிளினிக்கும் செய்து முடிக்கக்கூடியவை நான்கு: மருத்துவர் உட்பட எல்லா ஊழியர்களுக்கும் ஊசி; காய்ச்சல்காரர்களுக்குக் காற்றோட்டமான தனி இடம்; சம்பளத்தோடு நோய் விடுப்பு; மாவட்ட சுகாதார அலுவலகத்தின் தொலைபேசி எண் மேசைக் கண்ணாடியின் அடியில். எதற்கும் அரசாணை தேவையில்லை. இந்த மழையில் வரப்போவது வழக்கமான ஃப்ளூவாகவே இருக்கலாம். அப்படியானால் நம் பெஞ்சில் உட்காரும் கர்ப்பிணியும் சர்க்கரை நோயாளியும் முந்தைய ஆண்டுகளைவிடப் பத்திரமாக வீடு திரும்புவார்கள். அதற்காக மட்டுமே என்றாலும் இந்த நான்கும் செய்யத் தகுந்தவைதான்.