ஒயில் எங்கே போயிற்று?

பஸ் வண்டி திடீரெனப் புறப்படும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் பின்னோக்கிச் சாய்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கையில் தேநீர்க் கோப்பை இருந்தால் தேநீரும் பின்விளிம்பில் ஏறி வழியும். இதே காரியம் மோட்டார்க் காரின் எஞ்சினுக்குள்ளும் நிகழ்கின்றது. அங்கே ஏறுவது தேநீர் அன்று, ஒயில்.

எமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் தம் காரின் எஞ்சினுக்கு வலுவூட்டி, அகன்ற டயர்களும் பூட்டி, உயர்ந்த ரக ஒயிலும் ஊற்றி ஓட்டினார். அளவுகோலில் ஒயில் குறையவேயில்லை. ஆயினும் சில வாரங்களில் எஞ்சின் தட்டத் தொடங்கிற்று. கழற்றிப் பார்த்தபோது பேரிங்குகள் தேய்ந்து கருகிக் கிடந்தன. "ஒயில் நிறைய இருந்ததே!" என்று அவர் புலம்பினார். இருந்தது உண்மைதான், ஆனால் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவில்லை.

சாதாரணக் காரில் ஒயில் எஞ்சினின் அடியிலுள்ள ஒரு தொட்டியிற் கிடக்கும். மெக்கானிக்மார் இதனைச் 'சம்ப்' என்பர். அதனுள் இறங்கி நிற்கும் குழாய் ஒன்றின் வழியாகப் பம்பு ஒயிலை உறிஞ்சி, அமுக்கத்துடன் பேரிங்குகளுக்கு அனுப்புகின்றது. கிராங்க் தண்டு பேரிங்கின் உலோகத்தைத் தொட்டுச் சுழல்வதில்லை. மயிரிழையினும் மெல்லிய ஒயிற் படலத்தின்மீது மிதந்தே சுழல்கின்றது. குழாயின் வாய் வெளிப்பட்டுவிட்டாலோ, பம்பு உறிஞ்சுவது காற்றையே. நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும் எஞ்சினில் 3 செக்கன் என்பது 300 சுற்றுக்கள். அத்தனையும் உலோகத்தோடு உலோகம் உரசினால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் இதனைத் தாமே பார்க்கலாம். நின்ற நிலையிலிருந்து 5 செக்கனில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தை அடையும் காரின் சராசரி ஆர்முடுகல், புவியீர்ப்பு ஆர்முடுகலில் 0.57 பங்காகும். அப்போது ஒயிலின் மேற்பரப்பு ஏறத்தாழ 30 பாகை சாயும். தொட்டி அரை மீற்றர் நீளமானால் முன்சுவருக்கும் பின்சுவருக்குமிடையே ஒயில் மட்டத்தில் 28 சதமமீற்றர் வேறுபாடு வரவேண்டும். அவ்வளவு ஆழமான தொட்டி எந்தக் காரில் உண்டு? ஆகவே ஒயில் பின்னே குவிய, முன்பகுதி வறண்டுவிடும். உறிஞ்சு குழாய் முன்பக்கத்தில் இருந்தால் ஆபத்துத்தான். நுவரெலியாவின் மககஸ்தோட்டை மலையேற்றம் போன்ற போட்டிகளிலோ பாதையின் ஏற்றமும் இந்தச் சாய்வோடு சேர்ந்துகொள்கின்றது. எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்ட மினி போன்ற கார்களில் ஒயில் எஞ்சினின் பக்கச் சுவரை நோக்கிப் பாயும். எனவே தம் காரின் எஞ்சின் எப்படிக் கிடக்கின்றது, குழாயின் வாய் எங்கே உள்ளது என்பவற்றை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

இதற்குப் பரிகாரம் மேலும் ஒயிலை ஊற்றுவதுதான் எனச் சிலர் எண்ணுவர். அளவு மீறினால் கிராங்க் தண்டு ஒயிலில் அடிபட்டு, மத்தாற் கடைந்த மோர்போல அதனை நுரையாக்கிவிடும். நுரை பேரிங்கைக் காப்பதில்லை. செய்யத்தக்கது, குழாயின் வாயைச் சுற்றி ஒயிலைச் சிறைப்பிடித்தலே. தொட்டிக்குள் தடுப்புத் தகடுகளை ஒட்டி, அவற்றில் சிறு கதவுகளைப் பொருத்துவார்கள். அக்கதவுகள் குழாயை நோக்கி மட்டுமே திறக்கும். உள்ளே வந்த ஒயில் வெளியே ஓட முயன்றால் தாமாக மூடிக்கொள்ளும். செலவோ அதிகமில்லை. புதிய காபுரேற்றருக்குப் பணம் தேடும் இளைஞர் முதலில் இதனைச் செய்விப்பாராயின் நாம் மகிழ்வோம்.

இன்னொன்று, அமுக்கிய காற்றுக்கு எதிரே ஒயிலைச் சேமித்து வைக்கும் உருளை. பம்பின் அமுக்கம் விழுந்ததும் அது தன் ஒயிலைச் சில செக்கன்களுக்கு ஈந்து எஞ்சினைக் காக்கும்.

ஆனால் பந்தயக்காரர் நம்புவது 'உலர் சம்ப்' முறையையே. இதில் எஞ்சினின் அடியில் ஒயில் தங்குவதே இல்லை. விழும் ஒயிலை வேறு பம்புகள் உடனே உறிஞ்சி, தனியான உயர்ந்த தொட்டியொன்றில் சேர்க்கும். அத்தொட்டி ஒடுங்கியதாதலால் ஒயில் சாய்ந்தாலும் அடியிலுள்ள வாய் மூழ்கியே இருக்கும். திரும்ப உறிஞ்சும் பம்புகள் ஒயிலோடு காற்றையும் இழுக்க வேண்டியிருப்பதால், பேரிங்குகளுக்கு அனுப்பும் பம்பைவிடப் பெரியனவாக அமைக்கப்படும். 1964ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911, வீதியில் ஓடும் காராயிருந்தும் இம்முறையையே கொண்டிருந்தது. பழைய காரொன்றில் இதனைப் புதிதாகப் பொருத்துவதோ பெருஞ் செலவு. வீட்டுக் காருக்கு நாம் சிபார்சு செய்யமாட்டோம்.

அளவுகோலைச் சமதரையில் காரை நிறுத்தியே பார்க்க வேண்டும். அடுத்தது அமுக்கமானி. பலகையிலுள்ள சிவப்பு விளக்கு, அமுக்கம் ஏறக்குறைய அற்றுப்போன பின்னரே எரியும். முள்ளுள்ள மானியோ வேகமெடுக்கும் வேளையில் முள் சற்றே துடிப்பதையும் காட்டிவிடும். அவ்வாறு துடிக்கக் கண்டால் உடனே பெடலிலிருந்து காலை எடுத்துவிடுக. மேற்சொன்ன இளைஞரின் காரில் அந்த விளக்கு மட்டுமே இருந்தது. இரண்டொரு தடவை அது மின்னியதாகவும், வயர் பழுதென்று தாம் எண்ணியதாகவும் பின்னர் எம்மிடம் சொன்னார்.