ஒரே பெயரில் 2 ரம்: 'ஹவானா கிளப்' யாருக்கு சொந்தம்?

கியூபாவில் அரெச்சபாலா குடும்பம் மது ஆலை தொடங்கியது 1878-ல். அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கிய மறுவருடமே, 1934-ல் 'ஹவானா கிளப்' ரம்மை இறக்கினார்கள். 1960-ல் காஸ்ட்ரோ அரசு ஆலையை பறிமுதல் செய்தது. நஷ்டஈடு பைசா கிடையாது.

குடும்பம் கோட்டை விட்டது அதற்கு அப்புறம்தான். அமெரிக்காவில் இருந்த பிராண்ட் பதிவை 1973-ல் புதுப்பிக்கவில்லை. 1976-ல் கியூபா அரசு நிறுவனம் அதே பெயரை அங்கே பதிந்துகொண்டது. 1993-ல் பிரான்சின் பெர்னோ ரிக்கார் கைகோர்க்க, பல நாடுகளிலும் சக்கைப்போடு. அமெரிக்காவில் மட்டும் பொருளாதார தடையால் 'நோ என்ட்ரி'.

அதே கியூபாவில் ஆலையை பறிகொடுத்த பக்கார்டி சும்மா இருக்குமா? 1990-களில் அரெச்சபாலா குடும்பத்திடம் செய்முறையையும் உரிமையையும் வாங்கி, அதே பெயரில் அமெரிக்காவில் ரம் விற்க ஆரம்பித்தது. பெயரில்தான் ஹவானா, தயாராவது போர்ட்டோ ரிக்கோவில்!

2016-ல் கியூபாவின் பதிவை அமெரிக்கா புதுப்பித்து கொடுக்க, பக்கார்டி கொதித்தது. 2024 டிசம்பரில் காற்று திரும்பியது. பறிமுதல் செய்யப்பட்ட பிராண்டுகளுக்கு பழைய உரிமையாளர் சம்மதம் இல்லாமல் அமெரிக்காவில் அங்கீகாரம் கிடையாது என்ற சட்டத்தில் பைடன் கையெழுத்து போட்டார்.

இப்போதைக்கு கியூபா ரம் அங்கே விற்க முடியாது. ஆனா தடை என்றைக்காவது நீங்கினால், அமெரிக்க கடைகளில் எந்த பாட்டிலுக்கு இடம் என்பதுதான் இத்தனை வருஷ சண்டையே.