பரண்மேல் கிரைண்டர், கையில் மாவுப் பாக்கெட்

சிங்காநல்லூரில் பிள்ளை வளர்க்கும் அப்பா அம்மாக்களுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நம்மவர்கள் என்ற உரிமையில் வந்த கோபம். போன ஜூன் மாதம் பள்ளிக்கூட வாசலில், "ஃபீஸ் கட்டோணும்னு வளையலை அடகு வெச்சுட்டு வர்றேனுங்க" என்று ஓர் அக்கா கண் கலங்கினார். அன்று சாயங்காலமே அவரை மளிகைக் கடையில் பார்த்தேன். பையில் இரண்டு மாவுப் பாக்கெட், ஒரு தயிர், இஞ்சி பூண்டு விழுது, சாம்பார்ப் பொடி, பிள்ளைக்கு ஒரு டப்பா மால்ட் மாவு. அவர் வீட்டுப் பரணில் நல்ல கிரைண்டர் ஒன்று சாக்குக்குள் கிடப்பது எனக்குத் தெரியும். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் தெருவில் பாதி வீடு இப்படித்தான் இருக்கிறது. நான்கு வருசம் முன்புவரை என் வீடும் அப்படித்தான் இருந்தது.

நாம் இருக்கும் ஊர் எதுவென்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1955-ல் கோயமுத்தூர்க்காரர் சபாபதி மோட்டாரில் சுற்றும் மாவு அரைக்கும் இயந்திரத்தைச் செய்தார். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறோம். 2011-ல் தமிழக அரசு மிக்ஸி, மின்விசிறியோடு கிரைண்டரையும் விலையில்லாமல் வீடு வீடாகக் கொடுத்தது. கிரைண்டர் இல்லாத வீடு இங்கே அபூர்வம். என் மாமியார் மில்லில் ஷிப்ட் முடித்து வந்து, ஆட்டாங்கல்லில் உட்கார்ந்து கை வலிக்க ஆட்டித்தான் மூன்று பிள்ளைகளுக்கும் இட்லி ஊற்றினார். அந்த வலியைத் தீர்க்க வந்த இயந்திரத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, மாவை நாம் கடையில் வாங்குகிறோம்.

கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரைத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு வரும். நான் வாங்கும் விலைக்கு அரிசி 50 ரூபாய், உளுந்து 35. உப்பு, வெந்தயம், கரண்ட் எல்லாம் சேர்த்தும் 90 ரூபாயைத் தாண்டாது. 150 வாட் கிரைண்டர் நாற்பது நிமிசம் ஓடினால் பத்தில் ஒரு பங்கு யூனிட்தான் செலவு. அதே மூன்று கிலோவைப் பாக்கெட்டாக வாங்கினால் எங்கள் தெருக்கடையில் 150 ரூபாய். வாரம் மூன்று பாக்கெட் வாங்கும் வீடு, வருசத்துக்கு 3,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறது. ரேசன் புழுங்கலரிசியைப் பாதி கலப்பவர்களுக்கு மிச்சம் இன்னும் அதிகம். ஒரு பிள்ளைக்கு நோட்டு, ஷூ, பை மூன்றும் வாங்கிவிடலாம்.

"நேரம் எங்கீங்க இருக்குது?" என்பீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் ஊறுவது அரிசி, சுற்றுவது கல், புளிப்பது மாவு. கழுவிப் போட, தண்ணீர் தெளித்துத் தள்ளிவிட, வழித்துக் கழுவ, எல்லாம் சேர்த்து நம் கை படும் நேரம் வாரத்துக்கு முக்கால் மணி. உளுந்தை முதலில் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, அரை மணி நேரம் கல்லில் ஓடவிடுங்கள். மிக்ஸி போல சூடேறாததால் மாவு பொங்கி வரும். புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலுமே இருக்கின்றன. தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம். மார்கழிக் குளிரில் மட்டும் பாத்திரத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

அப்பாக்களே, இப்போது உங்களிடம் வருகிறேன். அரிசி ஊறப்போடுவது அம்மாவின் வேலை என்று யார் எழுதி வைத்தது? கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவ உங்கள் தோளுக்குத்தான் வலு அதிகம். "வீட்டுலயே அரைச்சா மிச்சமாகுமே" என்று மனைவியிடம் புத்தி சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்காருகிறீர்கள். அந்த மிச்சம் அவருடைய இடுப்பு வலியிலிருந்து வருவதாக இருந்தால், அதற்கு நான் ஒப்ப மாட்டேன். இருவரும் சேர்ந்து செய்வதாக இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

அடுத்தது பொடி. நம் பக்கத்து ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த விரலி மஞ்சள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நூறு கிராம் தூளை மினுமினுக்கும் பாக்கெட்டில் வாங்குவது என்ன பழக்கம்? பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு கிலோ மல்லி, அரைக்கிலோ வரமிளகாய், கொஞ்சம் சீரகம், மிளகு, மஞ்சள் இவற்றை மொட்டை மாடியில் காயவைத்து மில்லில் கொடுங்கள். அரைத்து வந்ததும் காகிதத்தில் பரப்பி, சூடு ஆறிய பிறகு டப்பாவில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கட்டி தட்டிவிடும். சின்னக் குடும்பத்துக்கு மாசக்கணக்கில் வரும். தயிருக்கு அரை லிட்டர் பாலும் ஒரு ஸ்பூன் உறையும் போதும். இஞ்சியும் பூண்டும் உழவர் சந்தையில் வாங்கி, வாரத்துக்கு ஒரு தடவை அரைத்து வைத்தால் முடிந்தது.

எனக்கு மிகவும் கோபம் வருவது அந்த மால்ட் டப்பாவைப் பார்க்கும்போதுதான். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆரோக்கிய பானம்' என்று ஒரு வகையே இல்லை. அதனால்தான் 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இப்படிப்பட்ட பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து எடுக்கச் சொல்லி இணைய விற்பனைத் தளங்களுக்குத் தெரிவித்தது. டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எவ்வளவு என்று படித்துப் பார்த்திருக்கிறீர்களா? கேழ்வரகும் கம்பும் பச்சைப்பயறும் முளைகட்டி, நிழலில் உலர்த்தி, பொட்டுக்கடலையும் நிலக்கடலையும் வறுத்துச் சேர்த்து அரைத்தால் சத்துமாவு. கம்மஞ்சோறும் ராகிக் களியும் தின்று வளர்ந்த கொங்கு மண்ணில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே! சின்னப் பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் இலவசமாகவே சத்துமாவு தருகிறார்கள். அதை வாங்கி மாட்டுத் தொட்டியில் கரைப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைவிடக் கடுமையாகச் சொல்லவும் தயங்க மாட்டேன்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யச் சொல்லவில்லை. எண்ணெய் ஆட்டுவதும் சோப்புக் காய்ச்சுவதும் நமக்குக் கட்டுபடியாகாது. உடம்புக்கு முடியாத நாளில், ராத்திரி ஷிப்ட் வாரத்தில் பாக்கெட் வாங்குங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. அவசரத்துக்கு வந்த பாக்கெட் அன்றாடமாகிவிட்டதே என்பதுதான் என் வருத்தம். மாவு கடையில் விளைவதாக நினைக்கும் பிள்ளைகளை நாம் வளர்த்துவிட்டோம். நாளைக்கு வேலைக்கென்று வெளியூர் போனால், தனக்கென்று நாலு இட்லிக்கு மாவு கரைக்கத் தெரியாமல் நிற்பார்கள்.

வருகிற சனிக்கிழமை கிரைண்டரை இறக்குங்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி, முதலில் ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டி, அதைக் கொட்டிவிடுங்கள், தூசியெல்லாம் போய்விடும். மத்தியானம் அப்பா அரிசியும் உளுந்தும் ஊறப்போடட்டும். சாயங்காலம் அம்மா பதம் பார்க்கட்டும். உப்புப் போட்டுக் கையால் கரைக்கும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடியைத் திறந்து, "அம்மா, மாவு பொங்கியிருக்குது!" என்று அது கத்தும்போது, அந்த வாரத்து அறுபது ரூபாயை ஓர் உண்டியலில் போடச் சொல்லுங்கள். அடுத்த ஜூனில் அதை உடைத்து, அந்தப் பிள்ளை கையாலேயே எண்ணச் சொல்லுங்கள்.