பாம்பன் தூக்குப்பாலம்: ரயிலுக்கு அட்டவணை இருக்கு, படகுக்கு எங்கே?



"நாலு படகு போறதுக்காக ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற ரயிலை நிறுத்தணுமா?"

பாம்பன் தூக்குப்பாலம் மேலே ஏறுகிற வீடியோ எது வந்தாலும் அடியில் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. நம்ம ஆதரவாளர்களே சிலர் கேட்கிறீர்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் இந்தக் கேள்வி உங்கள் வாயில் எப்படி வந்தது என்று கொஞ்சம் யோசியுங்கள். ரயில் பயணியையும் மீனவனையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, இரண்டு பேரையும் காக்க வைக்கிற நிர்வாகம் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். அந்த இடத்தில் கடல்வழி முதலில் வந்தது, பாலம் பின்னால் வந்தது. 1914 பிப்ரவரி 24 அன்று பழைய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோதே நடுவில் திறந்து மூடும் பாகம் வைத்துத்தான் கட்டினார்கள். வெள்ளைக்காரன் நம் மீனவன் மேல் வைத்த பாசத்தால் இல்லை. கப்பல் போகிற வழியை அடைக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். நூறு வருஷத்துக்கும் மேலாக ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் அந்தப் பாகத்தைத் தூக்கினார்கள். ஆக, படகுக்குத் திறப்பது சலுகை இல்லை. பாலம் அங்கே நிற்பதற்கான நிபந்தனையே அதுதான்.

சரி, வேறு வழியாகப் போகலாமே? மேப்பை எடுத்துப் பாருங்கள். வடகடலில் இருந்து தென்கடலுக்கு, அதாவது பாக் நீரிணையில் இருந்து மன்னார் வளைகுடாவுக்குப் போக, நம் எல்லைக்குள் பெரிய படகுக்கு இருக்கிற வழி பாம்பன் கால்வாய்தான். தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் மணல்திட்டு. அதைத் தாண்டினால் இலங்கைக் கடல். நாகப்பட்டினத்து விசைப்படகு ஒன்று குமரிக்கோ கேரளத்துக்கோ போக வேண்டும் என்றால் பாம்பனில் காத்திருக்கணும், இல்லை இலங்கையைச் சுற்றணும். எல்லை தாண்டிய மீனவனுக்கு என்ன நடக்கிறது என்று ராமேஸ்வரத்துக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாட்டுப்படகுகளும் வல்லங்களும் பாலத்துக்கு அடியிலேயே போய்விடும். பிரச்சினை உயரமான விசைப்படகுகளுக்கும், இழுவைக் கப்பல், மிதவை, சரக்குத் தோணி போன்றவற்றுக்கும்தான். இவை துறைமுக அலுவலகத்தில் அனுமதி கேட்டு, ரயில்வே சரி என்று சொல்லும்வரை நங்கூரம் போட்டுக் கிடக்க வேண்டும். "கிடக்கட்டுமே, ஒருநாள்தானே" என்பவர்களுக்கு ஒரு விஷயம். விசைப்படகில் போகிறவன் மாதச் சம்பளக்காரன் இல்லை, பங்குக்காரன். மீன் விற்றால்தான் பங்கு. நிற்கிற நாளுக்குப் பங்கு கிடையாது. ஐஸ் கரையும், அரிசி தீரும், டீசல் செலவாகும். லேட்டாக வருகிற ரயிலுக்கு "பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஸ்டேஷனில் ஒரு குரலாவது கேட்கும். நங்கூரத்தில் கிடக்கிறவனிடம் வருந்த யாரும் இல்லை.

இப்போது ரயில் பயணியின் பக்கம். அவர்களும் நம் ஆட்கள்தான். 2022 டிசம்பர் 23 அன்று பழைய பாலத்தில் ரயில் நின்றது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. இரண்டு வருஷத்துக்கும் மேலாக ரயில் மண்டபத்தோடு நின்றுவிட, தீவு மக்கள் மூட்டை முடிச்சோடு பஸ் மாறி மாறி அலைந்தார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளி, வெளியூரில் படிக்கிற பிள்ளை, மீன் ஏற்றி அனுப்புகிற வியாபாரி எல்லாரும் பட்டபாடு கொஞ்சமில்லை. அப்படித் திரும்பக் கிடைத்த ரயில் பாலத்துக்கு முன்னால் போய் காரணம் தெரியாமல் நின்றால் கோபம் வரும். நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபம் படகு மேல் ஏன் போகணும்?

550 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து கட்டிய பாலம் இது. 72.5 மீட்டர் நீளப் பாகம் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும். மோட்டாரில் தூக்க ஐந்தரை நிமிடம் போதும் என்று ரயில்வேயே பெருமையாகச் சொன்னது. நாங்களும் பெருமைப்படுகிறோம், நம் பொறியாளர்களும் தொழிலாளர்களும் உப்புக்காற்றில் நின்று கட்டியது. (திறப்பு விழா நாளிலேயே தூக்கிய பாகம் இறங்காமல் மக்கர் பண்ணியதாக வந்த செய்தியை இங்கே பெரிதாக்கவில்லை. புது இயந்திரம், நடக்கும்.) எங்கள் கேள்வி வேறு. ஐந்தரை நிமிடத்தில் தூக்குகிற பாலத்துக்கு, எந்தத் தேதி எத்தனை மணிக்குத் தூக்குவோம் என்று முன்கூட்டியே ஊருக்குச் சொல்ல எத்தனை கோடி வேண்டும்?

பக்கத்திலேயே நிற்கிற சாலைப் பாலத்தைப் பாருங்கள். 1988-இல் திறந்தது. உயரமாகக் கட்டியதால் கீழே படகு போகிறது, மேலே பஸ் போகிறது, யாரும் யாருக்காகவும் நிற்பதில்லை. ரயில் அப்படி ஏற்றம் ஏறாது, அதனால் தாழ்வாகக் கட்டித் தூக்குகிறார்கள். புரிகிறது. ஆனால் தாழ்வாகக் கட்டுவது என்று முடிவெடுத்தவர்களுக்கு, நேரத்தைச் சரியாகப் பங்குபோடுகிற பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. அதை மீனவன் தலையில் கட்டக்கூடாது.

உலகத்தில் யாருமே இதைத் தீர்க்கவில்லையா? லண்டன் டவர் பிரிட்ஜில் 24 மணி நேரத்துக்கு முன் எழுதிக் கொடுத்தால் கப்பலுக்குத் திறப்பார்கள், காசு வாங்காமல். எந்த நாள் எந்த நேரம் என்று பட்டியல் பொதுவில் இருக்கும். ஆற்றில் வருகிறவனுக்கே முன்னுரிமை. 1997-இல் அமெரிக்க அதிபர் கிளின்டனின் கார் வரிசையே அங்கே இரண்டாக வெட்டப்பட்டு நின்றது. என்ன காரணம்? பாய்மரப் படகு ஒன்று சொன்ன நேரத்துக்கு வந்தது, பாலத்தைத் திறந்தார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இதற்கு வேறு மாதிரி கணக்கு. வார நாட்களில் காலை 7 முதல் 9, மாலை 4 முதல் 6 வரை வேலைக்குப் போகிற கூட்டத்துக்காகச் சிறிய படகுகளுக்குத் திறக்க மாட்டார்கள். மற்ற நேரத்தில் படகுக்காரன் ஹாரன் அடித்துக் கேட்டால் திறக்கணும். ஒரு ஊரில் படகுக்கு முதலிடம், இன்னொரு ஊரில் நெரிசல் நேரத்தில் சாலைக்கு முதலிடம். விதி வேறு வேறு. ஆனால் இரண்டு ஊரிலும் விதி எழுத்தில் இருக்கிறது, எல்லாருக்கும் தெரிகிறது. பாம்பனில் இருப்பது அனுமதி. விதி இருந்தால் அதைக் காட்டி உரிமையோடு கேட்கலாம். அனுமதிக்கு வாசலில்தான் நிற்கணும்.

இன்னொன்று. மதுரை கோட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து ரயில் கால அட்டவணையை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. பாம்பன் கால்வாயில் நீரோட்டம் பருவத்துக்கு ஏற்பத் திசை மாறும். நீர்வாடு பார்க்காமல் ஆழம் தெரிந்த வழிகாட்டிகூட கப்பலை உள்ளே விட மாட்டார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்தத் தேதிகளை ஒட்டித்தான் படகுகள் கரை மாறும். இது வருஷா வருஷம் தெரிந்த கணக்கு. அதேபோல ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கூட்டம் குவியும், அதுவும் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. இரண்டும் தெரிந்திருந்தும் ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கோப்பு நகர்ந்தால் அதற்குப் பெயர் மெத்தனம்.

கப்பலைக் காக்க வைப்பது பாலத்துக்கே ஆபத்து என்பதையும் மறக்கக்கூடாது. 2013 ஜனவரியில் கடல் கொந்தளிப்பில் அடித்துவரப்பட்ட கலம் ஒன்று பழைய பாலத்தில் மோதித் தூணைச் சேதப்படுத்தியது. ரயில் நின்றது. பாலத்துக்குப் பக்கத்தில் கலங்கள் கிடக்கிற நேரம் குறைவது ரயில் பயணிக்கும்தான் பாதுகாப்பு.

அதனால் நாம் கேட்பது இதுதான். வாரத்தில் நிலையான திறப்பு நாட்கள் வேண்டும். நேரத்தை நீரோட்டமும் ரயிலும் பார்த்து ஒரு மாதம் முன்பே அறிவிக்கணும். ரயில்வே இணையதளத்தில் மட்டும் போட்டால் போதாது, நாகை முதல் குமரி வரை இறங்குதளங்களில் தமிழிலும் கேரளத்தில் மலையாளத்திலும் ஒட்டணும். தடைக்காலம் தொடங்கி முடியும் வாரங்களில் கூடுதல் திறப்பு. அமாவாசை நாட்களிலும், காலை மாலை முக்கிய ரயில் நேரங்களிலும் திறப்பு வேண்டாம். இதை மீனவர் பக்கமும் ஒத்துக்கொள்ளணும். பெயர் பதிந்து, வரிசை கட்டி, சொன்ன நேரத்துக்குப் படகுகளும் வரணும். வராத படகுக்காகப் பாலம் காத்திருக்காது. அறிவித்த நாளில் நிர்வாகக் காரணத்தால் திறக்காமல் போனால் பங்குத் தொழிலாளிக்கு அன்றைய இழப்பீடு. இந்த அட்டவணையை எழுதுகிற மேசையில் ரயில்வே, துறைமுக அலுவலகம், மீனவர் சங்கங்கள், பயணிகள் என நான்கு தரப்பும் உட்காரணும்.

இதில் எது நடக்காத காரியம்? ரயில்வே பதில் சொல்லட்டும்.

ராமநாதபுரம், நாகை, தூத்துக்குடி, குமரி மாவட்டத் தோழர்கள் உங்கள் பகுதி இறங்குதளத்தில் பேசுங்கள். பாம்பனில் எத்தனை நாள் நின்றீர்கள், எந்த மாதம், என்ன செலவு என்று எழுதி வாங்கி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ரயிலில் போகிறவர்கள் பாலத்துக்கு முன்னால் நின்ற தேதியையும் நேரத்தையும் குறித்து அனுப்புங்கள். இரண்டையும் ஒரே மனுவில் சேர்த்துக் கொடுக்கப்போகிறோம்.

#பாம்பனுக்கு_அட்டவணை_வேண்டும்