200 நாள் ஸ்ட்ரீக் ஓகே... அந்த வாக்கியம் ஏன் தப்புன்னு யார்கிட்ட கேட்பீங்க?

ராத்திரி 11.40. தூக்கம் கண்ணைக் கட்டுது. திடீர்னு ஞாபகம் வருது... 'ஐயோ, இன்னைக்கு லெசன் முடிக்கலையே!' போர்வைக்குள்ளேயே போனைத் திறந்து, அவசர அவசரமா நாலு கேள்விக்குப் பதில் தட்டி, ஸ்ட்ரீக்கைக் காப்பாத்திட்டுத் தூங்குற ஆளா நீங்க? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எனக்கும்தான். ஜெர்மன் கத்துக்கிறேன்னு ஒரு ஆப்பில் 200 நாளைத் தாண்டின ஆள் நான். போன வருஷம் ஒரு நண்பரின் கல்யாணத்துக்கு நிஜமாகவே ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தார். எல்லாரும் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். 'பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்' என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை. பந்தியில் ஆப்பிளும் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே, "சாம்பார் நல்லாருக்கு" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தப்பு ஆப் மேல மட்டும்னு சொல்ல மாட்டேன். வார்த்தைகளை மனசில் ஏத்துறதுல இந்த ஆப்கள் கெட்டிக்காரங்கதான். படிச்சது எவ்வளவு வேகமா மறந்துபோகுதுன்னு ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதினார். மறக்கப்போற நேரத்துல திரும்பக் கேட்டா நல்லா நிக்கும் என்பதை வைத்து, 1970-களில் லைட்னர் அட்டைப்பெட்டி முறை வந்தது. 2006-ல் வந்த அன்கி என்ற இலவச சாஃப்ட்வேரும் அதே யோசனையைத்தான் கம்ப்யூட்டரில் பயன்படுத்தியது. இன்னைக்கு உங்க போன்ல பச்சை ஆந்தை வந்து 'டிங்'னு கூப்பிடுறதுக்குப் பின்னாடி இருக்கிறதும் அந்தப் பழைய கணக்குதான்.

சிக்கல் வேற இடத்துல இருக்கு. நீங்க தப்பு பண்ணினா ஆப் சிவப்புக் கோடு போடும், சரியான விடையைக் காட்டும். 'ஏன் தப்பு?'ன்னு கேட்டா?

ஒரு காலத்துல அதுக்கும் வழி இருந்தது. டுவோலிங்கோவில் ஒவ்வொரு வாக்கியத்துக்குக் கீழேயும் ஒரு விவாதம் ஓடும். உலகத்துல எங்கேயோ இருக்கிற ஒரு ரிட்டயர்டு டீச்சர், ஒரு காலேஜ் பையன், அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிற யாரோ ஒருவர் என ஆளாளுக்கு வந்து விளக்குவாங்க. பாடங்களையே தன்னார்வலர்கள்தான் எழுதினாங்க. 2013-ல் 'இன்குபேட்டர்' என்ற பெயரில் அந்தத் திட்டம் தொடங்கியது. 2021-ல் அதை நிறுத்தினார்கள். 2022-ல் பயனர்களின் விவாதப் பகுதியும் மூடப்பட்டது. 2023-ல், தன்னார்வலர்கள் உருவாக்கிய வெல்ஷ் மொழிப் பாடத்தை இனி புதுப்பிக்கப்போவதில்லை என்று நிறுவனம் சொன்னபோது வேல்ஸில் அது பெரிய செய்தியானது. பேசுகிறவர்கள் குறைந்துவரும் மொழியைக் காப்பாற்றப் போராடுகிற ஊருக்கு, அந்த ஆந்தை அவ்வளவு முக்கியமாகியிருந்தது.

அப்புறம் 2025 ஏப்ரல். டுவோலிங்கோ ஒரே மூச்சில் 148 புதிய பாடங்களை வெளியிட்டது. முதல் 100 பாடங்களை உருவாக்க ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆயின. இப்போது ஓராண்டுக்குள் இத்தனை முடிந்தது, காரணம் ஏஐ என்றார் அதன் தலைவர் லூயிஸ் வான் ஆன். அதே வாரத்தில் ஊழியர்களுக்கு அவர் அனுப்பிய குறிப்பில், ஏஐ செய்யக்கூடிய வேலைகளுக்கு ஒப்பந்தப் பணியாளர்களைப் பயன்படுத்துவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்தார். சோஷியல் மீடியாவில் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. ஸ்ட்ரீக்கை வேணும்னே உடைச்சு ஸ்கிரீன்ஷாட் போட்டவங்க எல்லாம் உண்டு.

எனக்கு அந்தக் கோபத்தைவிட வேறொரு கேள்வி பெரிசாத் தெரியுது. 'ஏன் தப்பு'ன்னு சொல்லத் தெரிஞ்ச அத்தனை பேரும் இப்போ எங்கே பேசிக்கிட்டு இருக்காங்க?

எங்க சித்தி வீட்டு ஹால்ல, வாட்ஸ்அப்ல!

சித்தி ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலம் எடுக்கிறாங்க. அவங்க போன்ல ஆசிரியர் குரூப் மட்டும் 14. பொங்கலுக்குப் போயிருந்தப்போ ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு குரூப்ல அனல் பறக்குது. என்ன அரசியலா, சம்பளப் பிரச்னையான்னு எட்டிப் பார்த்தேன். விஷயம் இதுதான்: 'நீங்க வீட்ல எத்தனாவது பிள்ளை?' இதை இங்கிலீஷ்ல எப்படிக் கேட்கிறது? 'எத்தனாவது'க்கு இங்கிலீஷ்ல நேரான வார்த்தையே கிடையாது. ஒருத்தர் நீளமா ஒரு வாக்கியம் போடுறார். இன்னொருத்தர், 'அப்படி எந்த வெள்ளைக்காரனும் கேட்க மாட்டான்'கிறார். மூணாவதா ஒரு டீச்சர் வாய்ஸ் மெசேஜ்ல சொன்னதுதான் எனக்குப் பிடிச்சது: "வார்த்தையைத் தேடாதீங்க. உனக்கு அண்ணன் இருக்கானா, அக்கா இருக்காளா, நீதான் மூத்தவளான்னு மூணு கேள்வியாக் கேட்கச் சொல்லிக்கொடுங்க. பிள்ளைங்க அப்படித்தான் பேசும்."

யோசிச்சுப் பாருங்க. அந்த 40 நொடி வாய்ஸ் மெசேஜில் இருப்பது ஒரு பயிற்சி வகுப்பு.

இன்னொண்ணு. நம்ம ஆளுங்க 'யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்'னு சொல்றதை எத்தனை மீம்ல ஓட்டியிருப்போம்? அது 'நேத்துதான் வந்தேன்'ல இருக்கிற 'தான்'. அந்த 'தான்' பஸ் ஏறி இங்கிலீஷுக்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு. 'இஸ்கூல்'னு சொல்ற குழந்தைக்கும் நாக்கில் கோளாறு இல்லை. தமிழில் வார்த்தையின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது, அதனால் நாக்கு முன்னாடி ஒரு 'இ'யைப் படியா வைத்து ஏறுகிறது. தமிழும் தெரிந்து, இங்கிலீஷும் தெரிந்து, அந்தக் குழந்தையையும் தெரிந்த ஒருத்தருக்கு இது சட்டுன்னு புரியும். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் உட்கார்ந்து உலகத்துக்கே பாடம் எழுதுகிறவருக்கு அது ஒரு 'தவறான விடை', அவ்வளவுதான்.

'அதெல்லாம் சரி, ஏஐகிட்டயே தமிழ்ல கேட்டுக்கலாமே?' நியாயமான கேள்வி. கேட்கலாம். அரை மணி நேரம் சலிக்காம பேச்சுப் பயிற்சி கொடுக்க, கூச்சப்படாம தப்பு பண்ண, அதைவிட நல்ல துணை கிடைக்காது. ஆனா தப்பான விளக்கத்தையும் அதே தன்னம்பிக்கையோட சொல்லும். ஏற்கெனவே மொழி தெரிஞ்சவங்களால்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பையனுக்கு மூணு விடையில் எது பொருந்தும் என்பதும் அதுக்குத் தெரியாது.

சரி, ஆசிரியர்களுக்கு முறையான ஆன்லைன் பயிற்சியே இல்லையா? இருக்கு, நிறைய இருக்கு. மத்திய அரசின் திக்‌ஷா தளம் 2017 ஆசிரியர் தினத்தன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் 2018-லிருந்து வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு இருப்பதைப் பார்த்திருப்பீங்க. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அடுத்த வருஷமே கொரோனா வந்து அதன் தேவையை எல்லாருக்கும் புரியவைத்தது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கி, தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் புதிய கையேடு, புதிய பயிற்சி என்று தொடர்ந்தது.

ஆனா பயிற்சின்னு பேர் வெச்சுட்டா கத்துக்கிட்டதா ஆயிடுமா? சித்தியின் தோழி ஒருத்தர், எங்கேயோ ஒரு ஆன்லைன் பயிற்சியில் வீடியோவை ஓடவிட்டு, சாம்பாருக்குத் தாளித்துவிட்டு வந்து, கடைசி வினாடி வினாவை மகளிடம் கொடுத்து முடித்த கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். சான்றிதழும் வந்தது. "மகளுக்குத்தான் அதுல பேர் போட்டிருக்கணும்" என்றார். சிரிச்சேன். அப்புறம், 11.40-க்கு ஸ்ட்ரீக்கைக் காப்பாத்துற நான் செய்யுறதும் இதேதானே என்று தோன்றியது. ரெண்டு பேருக்கும் டிக் விழுந்துடுச்சு, அவ்வளவே.

இதை வேற மாதிரி முயற்சி பண்ணினவங்களும் இருக்காங்க. மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனம், அமெரிக்காவின் எம்.ஐ.டி, டாடா டிரஸ்ட்ஸ் மூன்றும் சேர்ந்து 2015-ல் தொடங்கிய திட்டம் 'க்ளிக்ஸ்'. ராஜஸ்தான், சத்தீஸ்கர், மிசோரம், தெலங்கானா அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் பாடங்களுக்கு டிஜிட்டல் பாடப்பகுதிகளைக் கொடுத்தார்கள். அதோடு நிறுத்தாமல், ஆசிரியர்களுக்கு டெலிகிராம் குழுக்களும் அமைத்தார்கள். வகுப்பில் முயன்று பார்த்ததை, சொதப்பியதை, கணினி ஓடாமல் போனதை எல்லாம் அங்கே பகிர்வது. சக ஆசிரியர்களும் பல்கலைக்கழக ஆட்களும் பதில் சொல்வது. பயிற்சி முடிந்த பிறகும் பேச்சு தொடர வேண்டும் என்பதுதான் யோசனை. 2017-ஆம் ஆண்டுக்கான யுனெஸ்கோ பரிசு இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

அதுக்கும் முன்னாடி, 2010-ல் ட்விட்டரில் ஆங்கில ஆசிரியர்கள் 'இஎல்டிசாட்' என்ற ஹேஷ்டேக்கில் புதன்கிழமைதோறும் கூடினார்கள். ஒரு மணி நேரம், ஒரு தலைப்பு. அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்னப் பழக்கம்: அரட்டை முடிந்ததும் ஒருவர் உட்கார்ந்து, பேசியதையெல்லாம் சுருக்கி எழுதி வைப்பார். வராதவர் படித்துக்கொள்ளலாம். ஐந்து வருஷம் கழித்து வருகிறவரும் படிக்கலாம்.

நம்ம வாட்ஸ்அப் குரூப்கள்ல இல்லாதது இதுதான். அந்த 'எத்தனாவது' வாய்ஸ் மெசேஜ் மேல மறுநாள் காலை 23 'காலை வணக்கம்' படம், ஒரு சுற்றறிக்கை பிடிஎஃப், ரெண்டு பிறந்தநாள் கேக் விழுந்தாச்சு. ஒரு குரூப்ல 1,024 பேர் வரை இருக்கலாம். புதுசா வேலைக்குச் சேர்ந்து குரூப்புக்குள்ள வர்ற டீச்சருக்குப் பழைய பேச்சு முழுசாத் தெரியாது. அவங்க திரும்ப அதே கேள்வியைக் கேட்பாங்க. இந்தத் தடவை பதில் தெரிஞ்சவர் ரிட்டயர்டு ஆகியிருப்பார், இல்லைன்னா குரூப்பை மியூட் பண்ணியிருப்பார். ஆந்தைக்காரர்கள் விவாதத்தை மூடி, அதிலிருந்த விளக்கங்களைக் கைகழுவினாங்கன்னு கோபப்படுறோம். நம்ம ஆசிரியர்களோட அனுபவம் தினமும் ஸ்க்ரோல்ல காணாம போறதைக் கண்டுக்கிறதே இல்லை.

தமிழ் கத்துக்கிறவங்க நிலைமை இதைவிடச் சிரமம். புத்தகத்துல 'போகிறேன்', வாயில 'போறேன்'. எதைச் சொல்லிக்கொடுக்கிறது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் ஷிஃப்மன் பேச்சுத் தமிழுக்கே தனி இலக்கண நூல் எழுதினார். அங்கேயே வாசு அரங்கநாதன் இணையம் வழி தமிழ் கற்பிக்கும் பாடங்களை உருவாக்கினார். சிங்கப்பூர் 2005-ல் பாடத்திட்டத்தை ஆராய்ந்து, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடம் வேண்டும் என்று முடிவெடுத்தது. நம்ம ஊரில் 2001-லேயே தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியாச்சு. இன்னொரு பக்கம், 1998-ல் தொடங்கிய கலிஃபோர்னியா தமிழ்க் கழகம் மாதிரியான வார இறுதிப் பள்ளிகள். அங்கே வகுப்பெடுப்பவர்களில் நிறைய பேர் வார நாள்களில் வேறு வேலை பார்க்கும் தன்னார்வப் பெற்றோர்கள். 'எங்க பாப்பா டயலாக்கைப் படிக்கிறா, ஆனா பாட்டிகிட்ட பேச மாட்டேங்கிறா'ன்னு தவிக்கிற அவங்களுக்கும் தேவைப்படுவது இன்னொரு ஆசிரியரோட அனுபவம்தான்.

ஏஸர் 2024 அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கு. கிராமப்புற இந்தியாவில் 14-16 வயதினரில் 82 சதவிகிதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும். முந்தைய வாரம் படிப்பு சம்பந்தமா அதைப் பயன்படுத்தினவங்க 57 சதவிகிதம். சோஷியல் மீடியாவுக்கு 76 சதவிகிதம். 'பசங்க கெட்டுப்போயிட்டாங்க'ன்னு பெரியவங்க இதைப் படிப்பாங்க. நான் 57-ஐப் பார்க்கிறேன். பாதிக்கு மேல பிள்ளைங்க படிப்புக்காகப் போனை எடுக்கிறாங்க. எடுத்ததும் அவங்க முன்னாடி என்ன வந்து நிக்குதுங்கிறதுதான் விஷயம்.

உங்க வீட்ல ஒரு டீச்சர் இருக்காங்களா? அம்மா, அத்தை, மாமா, யாரோ ஒருத்தர்? பெரிசா ஒண்ணும் வேணாம். ஒரு கூகுள் ஷீட் திறந்து மூணு பத்தி போடுங்க: கேள்வி, நல்ல பதில், சொன்னவர் பேர் (அவர்கிட்ட கேட்டுட்டுதான்). வாய்ஸ் மெசேஜை எழுத்தாக்க உங்க கட்டைவிரல் போதும். குரூப்பை டெலிகிராமுக்கு மாத்தினா புதுசா வர்றவங்களுக்கும் பழைய செய்திகள் தெரியும்படி வைக்கலாம். ஆனா 14 குரூப்பையும் மாத்தச் சம்மதிக்க வைக்கிறதுக்கு உங்களுக்கு 200 நாள் ஸ்ட்ரீக்கைவிடப் பொறுமை வேணும், சொல்லிட்டேன்.

சித்தியோட ஷீட்டை பொங்கல் லீவு முடியுறதுக்குள்ள நான் திறந்துகொடுத்தேன். முதல் வரி 'எத்தனாவது'. போன வாரம் பார்த்தப்போ 61 வரி ஆகியிருந்தது. 38-வது வரியில் யாரோ, 'தான்' பத்தி சித்தி எழுதினதை அடிச்சுட்டு, 'இது முழுசா சரியில்ல மேடம், பேசுவோம்'னு போட்டிருக்காங்க. சித்திக்குச் செம கோபம். ராத்திரி பத்தரைக்கு அந்த ஆளுக்கு போன் போட்டுட்டு இருந்தாங்க.