தோடர் போர்வையை வெட்டி ஜாக்கெட் தைக்காதீர்கள்



கல்யாணத்துக்கென்று தோடர் பூவேலைத் துணியில் டைட்டாக ஜாக்கெட் தைத்தார்கள், நமக்குத் தெரிந்த வீட்டில். மூன்றாம் முறை போடுவதற்குள் அக்குள் பக்கம் வாய் பிளந்துவிட்டது. பழி டெய்லர் தலையில். நான் டெய்லர் பக்கம்தான்.

அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தடித்த பருத்தி நூல். பாவும் ஊடையும் ஒன்று மேலே ஒன்று கீழே என்று போகும் சாதா நெசவு. நூலுக்கு நூல் இடைவெளி தெரியும். அந்த இடைவெளி வேண்டும். ஏனென்றால் தோடப் பெண்கள் துணியில் கோலம் வரைந்துகொண்டு தைப்பதில்லை, சட்டமும் மாட்டுவதில்லை. நூலை எண்ணி எண்ணி ஊசி குத்துகிறார்கள். அவர்கள் தைக்கும் பூத்குளி தோளில் போர்த்துவதற்கானது. அதில் கைக்குழி கிடையாது, டார்ட் கிடையாது, இழுபடும் இடமே கிடையாது.

அதையே உடம்போடு இறுக்கித் தைத்தால், கையைத் தூக்கும்போது நூல்கள் நழுவுகின்றன. உற்றுப் பாருங்கள், தையல் பிரிந்திருக்காது. தையலுக்குப் பக்கத்தில் துணிதான் விலகியிருக்கும். போதாததற்கு, சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை விழுந்த பட்டி கெட்டியாக இருக்கும், வெறும் துணி துவளும். இரண்டையும் சேர்த்து டார்ட் பிடித்தால் சுருக்கம் விழாமல் என்ன செய்யும்?

ஜாக்கெட்டுக்கு ரூபியா டூ பை டூ இருக்கிறதே! முறுக்கு நூல், நெருக்கமான நெசவு, டார்ட்டும் தையலும் நிற்கும். திருப்பூர் பனியன் துணி வேறு ஜாதி. அது கண்ணி கண்ணியாகப் பின்னியது, இழுத்தால் உடம்போடு வரும். பாவு ஊடைத் துணியிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை இது. ஒரு போர்வைக்கு வாரக்கணக்கில் கண் வலிக்க எண்ணியிருக்கிறார்கள். அதில் கத்தரி வைக்க எனக்கு மனசு வராது.

ஆசை விடவில்லையா? ரூபியாவில் ஜாக்கெட் தைத்து, கை ஓரத்தில் மட்டும் பூவேலைப் பட்டி வையுங்கள். தளர்வான கையில்லாத கோட்டும் தைக்கலாம்: நேர் வெட்டு, முழு லைனிங், வெட்டியவுடன் ஓவர்லாக், உள்ளே ஒரு அங்குலம் துணி. ஆனால் அளவை ஆர்டர் கொடுக்கும்போதே மந்தில் சொல்லிவிடுங்கள். தையல் விழும் இடத்தை அவர்களே பூவில்லாமல் விட்டுத் தருவார்கள்.